மெர்சலின் கார்டில் இருந்தது

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில், காசு என்கிற சாமான் உள்ளே நுழையவே கூடாது என்று சட்டம் போட்ட ஒரு இறால் கம்பெனி இருந்தது. மோதிரம் கூடாது, கண்ணாடி வளையல் கூடாது, தலையில் பூ கூடாது, நெற்றியில் பொட்டுகூடக் கூடாது. அதெல்லாம் இறாலோடு இறாலாக ஐஸ் பெட்டிக்குள் போய், கப்பல் ஏறி, எந்தச் சீமையிலோ எவன் பல்லிலோ கடிபட்டு வைக்கும் என்று முதலாளிக்குப் பயம். காசோ கண்ட கையும் பட்ட அழுக்கு, அதை வாசல் காவல்காரரே வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார். சரி, நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்டு இறால் உரிக்கிற நானூறு பெண்களுக்கு டீ வேண்டாமா, சோறு வேண்டாமா, வீடு போக பஸ் வேண்டாமா, பிள்ளையை விட்டுவைக்க ஒரு இடம் வேண்டாமா? அதற்காக ஆளுக்கொரு கார்டு கொடுத்திருந்தார்கள். நீல நாடாவில் கோத்து ஏப்ரனுக்குள் தொங்கும். எங்கே எது வேண்டுமோ அங்கே சுவரில் இருக்கிற பெட்டியில் கார்டைக் காட்டினால் கீங் என்று ஒரு சத்தம் வரும், கணக்கில் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மாதம் ஏழாம் தேதி சம்பளத்தோடு கார்டிலும் கொஞ்சம் ஏற்றிவிடுவார்கள்.

மூன்றாம் மேசையில் உரிக்கிற மெர்சலினுக்கு அந்தக் கீங் சத்தங்களில் நான்கு பிடிக்கும், ஒன்று பிடிக்காது. பஸ்ஸில் ஏறும்போது வருகிற கீங் பிடிக்கும், டீ கவுண்ட்டர் கீங் பிடிக்கும், சாப்பாட்டு அறை கீங்கும் வெந்நீர் ரூம் கீங்கும் பிடிக்கும். காலையில் எட்டு மணிக்குப் பிள்ளை ரூம் வாசலில், தன் மகள் அன்சியை இடுப்பிலிருந்து இறக்கி, உள்ளே நிற்கிற அமலோற்பவத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தட்டுகிற கீங் இருக்கிறதே, அது அவளுடைய அடிவயிற்றில் போய்க் கேட்கும்.

அமலோற்பவத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் மெர்சலினுக்குப் பெரிய குறை. ஐம்பது வயசு, கல்யாணம் கட்டாதவள், மெத்தை போன்ற உடம்பு, எந்நேரமும் பவுடர் மணம். பன்னிரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பாள். மூன்றரை வயசானதும் ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும், புதுசாக ஒன்று வரும். இருபது வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் அவள் மடியை விட்டு எழுந்து போயிருக்கின்றன, ஒன்றுக்குக்கூட அவள் கண்கலங்கி ஒருவரும் பார்த்ததில்லை. "வரும்போது சிரிச்சுக்கிட்டு எடுக்கேன், போகும்போது சிரிச்சுக்கிட்டு விடுதேன்" என்பாள். நல்ல மனுஷி. ஆனால் பாருங்கள், அன்சி முதல் அடி எடுத்து வைத்தது அமலோற்பவத்தின் முன்னால். முதல் பல்லைப் பார்த்தது அமலோற்பவம். ஒருநாள் சாயங்காலம் மெர்சலின் மூச்சிரைக்க வந்து, "அக்கா, எம்பிள்ள சோத்தை முழுங்கிட்டாளா?" என்று கேட்க, அமலோற்பவம் வாயெல்லாம் பல்லாக, "சோறா? இன்னைக்கு நடந்துட்டாட்டி! நேத்தே ரெண்டெட்டு வச்சா, நீ தவிச்சுப்போவியேன்னு சொல்லல" என்றாள். அன்றைக்குப் பிடித்தது மெர்சலினுக்கு வயிற்றெரிச்சல். நேற்றே நடந்ததாம், சொல்லவில்லையாம்!

அதிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும் மெர்சலின் ஓடுவாள். மற்ற பெண்கள் எல்லாரும் முதலில் வெந்நீர் ரூமுக்குப் போவார்கள். விறைத்துப்போன கையை வெந்நீரில் விட்டு, ஊசி குத்துகிற மாதிரி வலித்து, வலி தீர்ந்து, சோப்பு போட்டு இறால் வாடையைக் கழுவிக்கொண்டு மனுஷியாக வெளியே வருவார்கள். மெர்சலின் கழுவமாட்டாள். முழங்கால் வரை ஏறிய ரப்பர் பூட்ஸோடு, கையுறையில் ஐஸ் ஒட்டினது ஒட்டினபடி, தடதடவென்று சிமெண்ட் பாதையில் பிள்ளை ரூமுக்கு ஓடுவாள். "ஏட்டி, நாய் வெரட்டுதா?" என்று பின்னாலிருந்து இசக்கியம்மாள் சிரிப்பாள். இசக்கியம்மாள் மூன்றாம் மேசையில் எதிர்ப்பக்கம் நிற்பவள், உரிக்க உரிக்கப் பாட்டுப் பாடுகிறவள். நாயெல்லாம் விரட்டவில்லை. ஒரு நிமிஷம் தாமதித்தால் அந்த ஒரு நிமிஷமும் அன்சி அமலோற்பவத்தின் மடியில் இருப்பாளே, அதைத்தான் மெர்சலினால் தாங்க முடியவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், ஐப்பசி மாதத்தில் ஒரு கண்டெய்னர் முழுக்க இறாலை வாங்கினவன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். சம்பளம் எப்படியோ கொடுத்தார்கள். கார்டில் ஏற்ற மட்டும் அடுத்த ஏழாம் தேதி வரைக்கும் வழியில்லை என்று, கார்டு விவகாரம் எல்லாம் பார்க்கிற துரைப்பாண்டி சார் மேசை மேசையாக வந்து சொன்னார். "அப்போ டீக்கு என்ன சார் செய்ய?" என்று கேட்டார்கள். "பெட்டி யாரையும் தடுக்காம நான் மாத்தி வச்சிருக்கேன். நீங்க பாட்டுக்குத் தட்டுங்க" என்றார் அவர்.

தட்டினார்கள். முதலில் தட்டியது இசக்கியம்மாள். கீங் என்றது. வழக்கமாகப் பாக்கி எவ்வளவு என்று காட்டுகிற இடத்தில், "நன்றி, பெற்றுக்கொண்டோம்" என்று எழுத்து ஓடியது. அவளும் டீயைக் குடித்துவிட்டு வந்து நின்று, ஒரு கூடை இறாலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பாட வாயைத் திறந்தால் பாட்டைக் காணோம். வாய் இருக்கிறது, தொண்டை இருக்கிறது, பாட்டு மட்டும் இல்லை. அதே நேரத்தில் டீ மாஸ்டர் சுடலைமுத்து, இருபது வருஷமாக "அடுத்தது" என்கிற ஒரு சொல்லைத் தவிர வேறு பேசாத மனிதர், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அது எம்பாட்டுல்லா?" என்று போய்க் கேட்டாள் இசக்கியம்மாள்.

"அப்படியா? நல்ல பாட்டா இருக்கே" என்றார் அவர்.

"டீயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பி வந்துவிட்டாள். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

துரைப்பாண்டி சாரிடம் கேட்டதற்கு, அவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு பக்கம் கழிந்தால் இன்னொரு பக்கம் சேரத்தான் செய்யும் என்றார். காசு இல்லாத கார்டில் என்ன இருக்கிறதோ அதைப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. எடுத்ததை அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிற ஆளிடம் சேர்த்துவிடுகிறது. எது மனசில் மேலாக மிதக்கிறதோ அதைத்தான் எடுக்கும் என்பதை இரண்டே நாளில் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கண்டுபிடித்ததும் அவர்களுக்கு வந்த கொண்டாட்டத்தைக் கேட்க வேண்டுமே! பஸ்ஸில் ஏறும்போது எல்லாரும் இடுப்புவலியை நினைத்துக்கொண்டே தட்டினார்கள். இடுப்புவலி இறங்கியது, பஸ் டிரைவர் ஜெயசிங்கம் மூன்றாம் நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஏ யம்மா, முதுகுத்தண்டு முறியுதே, கொஞ்சம் வேற எதையாவது குடுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். அவர் பாவம் என்று முறை வைத்தார்கள்: திங்கள் இடுப்புவலி, செவ்வாய் வீட்டுக்காரன் மேல் உள்ள கோபம், புதன் தூக்கம். புதன்கிழமை தூக்கத்தைக் கொடுத்தது தப்பு, பஸ் உப்பளத்துக்குள் இறங்கிவிட்டது, அதிலிருந்து புதனையும் கோபத்துக்கே மாற்றிவிட்டார்கள். ஜெயசிங்கத்தின் வீட்டில் செவ்வாயும் புதனும் சட்டிபானை பறந்ததாகக் கேள்வி. சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவளுக்கு நானூறு பேருடைய பசியும் சேர்ந்து, அவள் பரிமாற மறந்து கரண்டியோடு தின்றுகொண்டிருந்தாள். வெந்நீர் ரூமில் காவலுக்கு இருந்த பெரியவருக்கு நானூறு மாமியார்களைப் பற்றிய ரகசியங்கள் தெரிந்துவிட்டன; அவர் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும், "நீ பொறுமைசாலிம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் இதெல்லாம் வழக்கமாகிப் போனது. அடுத்த ஏழாம் தேதி காசு ஏற்றிவிடுவார்கள், அதற்குள் எதைத் தள்ளிவிடலாம் என்று வீட்டுக்கு வீடு யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை ரூம் வாசலில் மட்டும் ஒருத்தியுடைய சாமர்த்தியமும் பலிக்கவில்லை. பிள்ளையை இறக்கிவிட்டுத் தட்டுகிற அந்த நொடியில் தாயின் மனசில் பிள்ளையைத் தவிர வேறு என்ன மிதக்கும்? ஒருத்திக்கு, மகனைச் சோறு உண்ண வைப்பதற்குச் சொல்கிற காக்காய்க் கதை போனது. ஒருத்திக்கு, மகளுடைய சுருட்டை முடியை வலிக்காமல் சீவுகிற கைப்பக்குவம் போனது. எல்லாம் அமலோற்பவத்திடம் போய்ச் சேர்ந்தது. மற்ற தாய்மார்கள், "அக்காகிட்டதானே இருக்கு, பிள்ள நல்லா இருந்தாச் சரி" என்று விட்டுவிட்டார்கள். மெர்சலினால் முடியவில்லை.

அவளுக்குப் போனது அன்சியைத் தூங்கவைக்கிற வித்தை. பிறந்ததிலிருந்து எதையோ செய்தால்தான் அன்சி தூங்குவாள், அந்த எதையோ மெர்சலின்தான் கண்டுபிடித்தாள், அவளுக்கு மட்டும்தான் தெரியும், விசைப்படகில் மாதக்கணக்கில் கடலோடு கிடக்கிற அவள் வீட்டுக்காரன் லாரன்ஸுக்குக்கூடத் தெரியாது. இப்போது அவளுக்கும் தெரியவில்லை. முதுகைத் தட்டினாள், காலைப் பிடித்துவிட்டாள், தோளில் போட்டு நடந்தாள். அன்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அமலோம்மா வேணும்" என்று அழுதாள். அமலோம்மா! அமலோ அத்தை இல்லை, அமலோ பெரியம்மா இல்லை, அமலோம்மா! மெர்சலினுக்கு நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்து வைத்த மாதிரி இருந்தது.

"ஏட்டி, அந்த அக்காகிட்டயே கேளேன், பிள்ளைய எப்படி ஒறங்க வைக்கீயன்னு" என்றாள் இசக்கியம்மாள்.

"நான் கேக்கணுமா? எம்பிள்ளைய எப்படி ஒறங்க வைக்கணும்னு நான் போய் அவகிட்டக் கேக்கணுமா?"

"கேட்டா என்ன, கிரீடமா எறங்கிரும்?"

கேட்டால் அமலோற்பவம் சொல்லியிருப்பாள். கேட்க மெர்சலினுக்கு நாக்கு வளையவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்குப் பதிலாக மேசையில் நின்றபடி கணக்குப் போட்டாள்: அமலோற்பவத்துக்குப் பன்னிரண்டு பிள்ளை, எனக்கு ஒன்று, அவளிடம் பவுடர் மணம், என்னிடம் இறால் வாடை, அவள் கை மெத்து, என் கை ஐஸ், நான் பிள்ளையாக இருந்தால் யாரிடம் போவேன்? இப்படிக் கணக்குப் போட்டு உரித்ததில் இறாலோடு சேர்ந்து கட்டைவிரலையும் இரண்டு தரம் கீறிக்கொண்டாள். இரத்தம் பட்ட கூடையைத் தள்ளிவிட்டு வேறு கூடை எடுத்தாள்.

நாள் போகப் போக இன்னும் கழிந்துகொண்டே இருந்தது. அன்சி கோபத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் முகத்தில் எப்படி ஊதுவது என்பது போனது. அன்சியை இடுப்பில் எந்தப் பக்கம் வைத்தால் வாகாக இருக்கும் என்பதுகூடப் போனது. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து, இரண்டு பக்கமும் பிள்ளை நழுவினாள். மெர்சலின் ஒரு முடிவுக்கு வந்தாள். இனிமேல் அந்த வாசலில் பிள்ளையை நினைக்கக் கூடாது. கடைவாய்ப்பல் ஒன்று ஒரு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது, அதைக் கொடுத்துவிடுவது. அந்த மெத்து உடம்புக்காரிக்கு ஒரு பல்வலியாவது வரட்டும்!

அடுத்த மாதம் ஆறாம் தேதி காலை. பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்தே மெர்சலின் நாக்கால் அந்தப் பல்லை நெருடிக்கொண்டே, பல்வலி பல்வலி என்று ஜெபமாலை உருட்டுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். வாசலுக்கு வந்தாள். கார்டை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அன்சி அவள் இடுப்பிலிருந்து அப்படியே அமலோற்பவத்தின் மேல் பாய்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள். அமலோம்மா இல்லை. வெறும் அம்மா.

கீங்.

நன்றி, பெற்றுக்கொண்டோம்.

மெர்சலின் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். பல் வலித்தது. சரி, பல் போகவில்லை, வேறு எதுவோ போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள். என்ன போனது என்று தேடக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அன்றைக்கு அவள் உரித்ததுபோல அந்தக் கம்பெனியில் யாரும் உரித்ததில்லை. விரல் கீறவில்லை, மனசு எங்கும் ஓடவில்லை. மதியம் இரண்டு கரண்டி சோறு கூடவே தின்றாள். "என்னட்டி, முகமெல்லாம் தெளிஞ்சு கெடக்கு?" என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, "என்னமோ தெரியலக்கா, நல்லா இருக்கு" என்றாள். ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. பழக்கத்தில் எல்லாரும் மெர்சலினுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். அவள் ஓடவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள், பூட்ஸைக் கழுவிக் கொக்கியில் மாட்டினாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சாயங்காலத்தில் வெந்நீர் ரூமுக்குப் போய், கையை உள்ளே விட்டு, வலி வந்து வலி போகிற வரைக்கும் ஆற அமர நின்று, சோப்பு போட்டுக் குளித்து, தலையும் வாரிக்கொண்டாள். வழியில் ஒரு டீ குடித்தாள். பஸ் போய்விட்டது. போனால் போகட்டும்.

பிள்ளை ரூமில் அன்றைக்கு நடந்ததை இசக்கியம்மாள்தான் பிறகு ஊரெல்லாம் சொன்னாள். பத்து மணியிலிருந்தே அமலோற்பவம் ஒரு மாதிரி ஆகிவிட்டாளாம். பதினொரு பிள்ளைகளைப் பாயில் உட்கார வைத்துவிட்டு அன்சியை இடுப்பை விட்டு இறக்கவில்லையாம். அன்சியின் கன்னத்தைக் கிள்ள வந்த டீ மாஸ்டரை, "கைய எடும்வே" என்று எரிந்து விழுந்தாளாம். இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. ஐந்தரைக்கு வந்த தாய்மார்களிடம் மற்றப் பிள்ளைகளைப் பார்சல் கொடுக்கிற மாதிரிக் கொடுத்துவிட்டு, கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம்.

மெர்சலின் வந்து கதவைத் தட்டியபோது ஆறேகால். கதவு பாதிதான் திறந்தது. அமலோற்பவம் முகம் கறுத்து, கண் சிவந்து, ஒரே நாளில் பத்து வயசு ஏறினவள்போல நின்றாள். அன்சியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"காலையில என்னத்தட்டி தட்டிட்டுப் போன?" என்று கேட்டாள்.

"பல்வலிதான் நெனச்சேன்க்கா. ஆனா பல்லு இன்னும் வலிக்கி."

"பல்வலின்னா நெஞ்சுல ஏன்ட்டி எரியுது?" அமலோற்பவம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் இவ தூங்கிக்கிட்டு இருந்தா. தூக்கத்துல அம்மான்னா. என்னையத்தான் கூப்பிடுதாளோன்னு குனிஞ்சேன். 'அம்மா, ஓடி வா'ங்கா. என்னைய இல்லட்டி. நான் எங்க ஓடுதேன்? ஒன்னைய. எனக்கு ஒன்னையக் கொன்னுபோடணும்போல வந்துச்சு. மாதா சத்தியமாச் சொல்லுதேன், ஒன் கழுத்தை நெரிக்கணும்போல இருந்துச்சு. இது என்னதுட்டி?"

மெர்சலின் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்கிற மாதிரி இருந்தது. "அதுக்கென்னக்கா, இப்போ. ஒங்களுக்குப் பிள்ளை மேல ஆசைன்னா இன்னைக்கு ராத்திரி வச்சிக்கோங்க. நான் நாளைக்கு வாரேன். அவசரம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

அன்சி அமலோற்பவத்தின் சேலைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். மெர்சலினை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் ஓடி வரல?" என்று கேட்டாள்.

"எதுக்கு மக்களே ஓடணும்? மெதுவா வந்தா என்ன?"

அன்சி இரண்டடி எடுத்து வைத்து, மெர்சலின் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சோப்பு மணம். கையை விட்டுவிட்டாள். "நீ எங்கம்மா இல்ல. எங்கம்மா மேல எறா வாடை வரும். தடதடன்னு வருவா" என்று சொல்லிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து பாதையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மெர்சலினுக்கு அதுவும் வலிக்கவில்லை. சின்னப்பிள்ளை, ஏதோ சொல்கிறது என்று நின்றாள். வலித்தது அமலோற்பவத்துக்குத்தான். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள், குளித்துத் தலைவாரி நின்ற தாயைப் பார்த்தாள், சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"இது ஒன்னோடதாட்டி?" என்றாள் மெல்ல. "இம்புட்டையும் நெஞ்சுல வச்சுக்கிட்டா தெனமும் ஓடி வந்த? எப்படிட்டி தாங்குன?"

"என்னதுக்கா?"

"நாளைக்கு ஏழாந்தேதி. காசு ஏத்திருவாவ. அதுக்கப்புறம் இந்தப் பெட்டி காசைத் தவிர எதையும் தொடாது. இது எங்கிட்டயே தங்கிரும்." அமலோற்பவம் குரலைத் தாழ்த்தினாள். "பிள்ளையும் எங்கிட்டயே தங்கிரும். நீ தேடக்கூட மாட்ட."

"சரிக்கா" என்றாள் மெர்சலின். சத்தியமாக அப்படித்தான் சொன்னாள், சரிக்கா என்று.

இருபது வருஷத்துப் பிள்ளைகளை எல்லாம் சிரித்துக்கொண்டே விட்ட அமலோற்பவம், இந்த ஒன்றை விட முடியாமல் நின்றாள். அது அவளுடைய ஆசையே இல்லை, வேறொருத்தியுடையது, காலையில்தான் வந்தது, ஆனாலும் வந்துவிட்டதே, என்ன செய்ய? பிறகு படியிலிருந்து அன்சியைத் தூக்கி, நெஞ்சோடு இறுக்கி, அவள் தலையை மோந்தாள்.

"உள்ள வாட்டி" என்றாள். "நான் நிக்கிற எடத்துல வந்து நில்லு."

மெர்சலின் உள்ளே போய் நின்றாள். அமலோற்பவம் பிள்ளையோடு வெளியே வந்து, பிள்ளையை விட்டுப்போக வருகிற தாய்மார்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். அவளுக்கும் டீக்கும் சாப்பாட்டுக்கும் என்று, மற்றவர்களுடையதைப் போலவே காசில்லாத ஒரு கார்டு உண்டு. அதைச் சேலைத் தலைப்பிலிருந்து அவிழ்த்து எடுத்தாள். ஒருமுறை பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்தாள். "இந்தாட்டி, பிடி" என்று அன்சியை நீட்டினாள். மெர்சலின் வாங்கிக்கொண்டாள். தன் கை காலியானதை அமலோற்பவம் பார்த்தாள், அந்த எரிச்சல் மொத்தமும் கண்ணுக்கு ஏறியது, அப்போதே தட்டிவிட்டாள்.

கீங்.

விறைத்த கையை வெந்நீரில் விட்டால் எப்படி இருக்கும் என்று அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். மெர்சலினுக்கு அது நெஞ்சில் நடந்தது. "ஐயோ மாதாவே" என்று அலறிக்கொண்டு பிள்ளையைப் பிடித்த பிடியில் அன்சியே, "வலிக்கி" என்று கத்தினாள். "எம்பிள்ளக்கா! இது எம்பிள்ள! ஒங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்னு சொன்னேனே, எவ சொன்னா, நானா சொன்னேன்?" என்று மெர்சலின் அழ, வெளியே நின்ற அமலோற்பவம் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் கன்னத்தில் தண்ணீர் ஓடியது, அது ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"ஆமாட்டி, ஒம்பிள்ளதான். எடுத்துட்டுப் போ."

மெர்சலின் வெளியே வந்து நாலடி நடந்தாள். திரும்பினாள். இந்தத் தடவை நாக்கை வளைத்துக் கேட்டாள்: "இவள ஒறங்க வைக்க என்னக்கா செய்வீய?"

"எடது காது மடலைத் தடவணும், லேசா." அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முந்தியே கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேனாட்டி?"

மறுநாள் ஏழாம் தேதி காசு ஏற்றினார்கள். பெட்டிகள் எல்லாம் பழையபடி பாக்கியைக் காட்டின. போனது போனதுதான், இசக்கியம்மாள் இப்போது பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் டீ குடிக்கப் போகிறாள், ஜெயசிங்கம் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டுகிறார்.

அன்று ஐந்தரைக்குச் சங்கு ஊதியதும், "தள்ளுங்கட்டி!" என்று ஒரு சத்தம், மெர்சலின் ஓடினாள். பூட்ஸ் தடதடக்க, கையுறையிலிருந்து ஐஸ் தெறிக்க, வாடை பத்தடிக்கு முன்னால் போக ஓடினாள். அமலோற்பவம் கதவை அகலத் திறந்து வைத்து, அன்சியை முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்திருந்தாள். "எங்கம்மா வாறா" என்று குதித்த பிள்ளையை அவள் விட்டாள்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் மெர்சலின் இடது காது மடலைத் தடவினாள். அன்சிக்குக் கண் சொருகியது. பாதித் தூக்கத்தில், அம்மாவின் இறால் வாடை அடிக்கிற கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, "அமலோம்மா" என்றாள். மெர்சலினுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியட்டும் என்று, கையை எடுக்காமல், வீடு வருகிற வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள்.